விளக்கு வைக்கிற நேரத்துக் குரல்

ஜனவரி 4, ஞாயிறு

நகைக்கடையில் கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் நல்ல சேதிதான் எழுத வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் எங்கள் வீட்டில் நல்ல சேதிக்குப் பஞ்சம் இல்லை.

மூத்த பேரன் இசக்கிராஜ். என் மகன் சிவஞானத்தின் பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டரைப் பேசவைக்கிற வேலை. போன வருஷம் அவனுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை கொடுத்துவிட்டார்கள். ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வந்தான். முதலாவது வந்த பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கோவில்பட்டியில் யாருக்கும் தெரியாது.

இசக்கியின் தங்கை புஷ்பகலா. விவசாயக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே என்ன விளையும் என்று சொல்கிறாள். குண்டு எறிவதில் மாவட்டத்தில் மூன்றாம் இடம்.

அப்புறம் கனி. சண்முகக்கனி. என் மகள் செண்பகம் பெற்றது. செண்பகம் போனபோது கனிக்கு ஆறு வயது. அப்பன்காரன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து கனி என் பிள்ளை. நர்சிங்கில் வெள்ளி மெடல். பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம் தங்கம் என்று சொல்லிவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும். இப்போது மங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில், உயிருக்குப் போராடுகிறவர்களை வைத்திருக்கிற வார்டில் வேலை.

கனிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. மூன்றாம் வகுப்பில் டீச்சர் கேட்டார் என்று காம்பஸ் முனையால் பின்கொட்டாய்ச் சுவரில் கீறி வைத்துப் படித்தாள். கீறல் இன்னும் இருக்கிறது. "என் நம்பரே எனக்குத் தெரியாது ஆச்சி, உன் நம்பர் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்" என்பாள்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நான் எது பேசி அனுப்பினாலும் கடைசியில் ஒன்றுதான் கேட்பேன். புதுப் போட்டோ ஒன்று போடுங்கள் மக்களே.

ஜனவரி 14, புதன்

போகி. காலை ரயிலில் இசக்கி வந்தான், மதியம் கனி வந்தாள். வீடு நிறைந்துவிட்டது. வாங்கிய பச்சரிசியில் கல் அதிகம்.

இசக்கி ஒரு மைக் கொண்டுவந்திருக்கிறான். கட்டைவிரல் பெரிசு. என் வீட்டுக்காரர் இருந்தால் அதை மைக் என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். 'செண்பகம் சவுண்ட் சர்வீஸ்' என்று பெற்ற மகள் பெயரில் மைக் செட் நடத்தியவர். அவர் வைத்துவிட்டுப் போன குழாய் ஸ்பீக்கர்கள் பின்கொட்டாயில் இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

இசக்கியின் கம்பெனிக்கு நம் பக்கத்துப் பெண்களின் பேச்சு வேண்டுமாம். சிரிப்பு, கோபம், பயம், அழுகை எல்லாம்.

"அழுகை என்னத்துக்குலே?" என்று கேட்டேன்.

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணுதவ சிரிச்சிக்கிட்டா பண்ணுவாவ ஆச்சி? அழுதுக்கிட்டே பேசுனா மெஷினுக்கு வெளங்க மாட்டேங்கு. அதுக்குத்தான்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகிறவர்கள் பேச்சை விளங்கவைக்கிற வேலையை என் பேரன் பார்க்கிறான். தெருவில் எல்லோரிடமும் நானே போய்ச் சொன்னேன். குரல் கொடுக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு, அவரவர் பெயர் வெட்டி.

ஜனவரி 16, வெள்ளி

சாயங்காலம் ஆரம்பித்தோம். முதலில் பெயர், வயது, அவசரத்துக்கு வீட்டு ஆள் ஒருவரின் நம்பர். தெருவில் யார் மகள், யார் அம்மா, யாருக்கு என்ன நம்பர், எல்லாம் எனக்கு மனப்பாடம். நானே சொல்லச் சொல்ல இசக்கி தட்டிக்கொண்டான். "ஆச்சிதான் எங்க கம்பெனி மேனேஜர்" என்றான்.

சிரிப்பு சுலபமாக முடிந்தது. கோபத்துக்குச் சீனியம்மாள் தண்ணீர் திறந்துவிடுகிறவனைத் திட்டினாள். இசக்கி போதும் அத்தை என்று கையைக் காட்டினான். "ஏலே, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள்.

அழுகை என்றதும் எழுந்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல, ஒரு இழவும் இல்லாத வீட்டுல ஒக்காந்து அழுவாவளா? உங்க பேரனுக்குத்தான் புத்தி இல்லன்னா ஒங்களுக்குமா இல்ல மதினி?"

அவள் சொல்வதும் சரிதான். நாளைக்குப் பின்கொட்டாயில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அது வீட்டில் சேராது.

ஜனவரி 17, சனி

கொட்டாயில் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு, ஒவ்வொருத்தராக அழுதார்கள். கம்ப்யூட்டரில் வருகிற வரியைப் பார்த்து, அழுதுகொண்டே சொல்ல வேண்டும்.

அம்மா, நான்தான் பேசுறேன்.
என் போன் உடைஞ்சு போச்சு.
சீக்கிரம் அனுப்புங்க.
யார்கிட்டயும் சொல்லாதீங்க.

"ஆம்புலன்சுக்காரன்கிட்ட எதுக்குளா யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லணும்?" என்று சீனி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். இசக்கியும் சிரித்தான். வரிகள் மேலிடத்திலிருந்து வந்தவை, அவன் எழுதியது இல்லை என்றான்.

சீனியின் மகள் வேல்மதி திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அவள் அழுததைக் கேட்டுச் சீனிக்கே கண்ணீர் வந்துவிட்டது. "நாசமாப் போறவளே, நடிப்புக்கே இப்படி அழுதா நெசத்துக்கு என்ன செய்வ?" என்று தலையில் தட்டினாள்.

கனிக்கு அழுகை வரவில்லை. "தெனமும் நாலு பேரு அழுறதப் பாக்கேன் ஆச்சி, எனக்கு வத்திப் போச்சு" என்றாள். எல்லோரும் செய்துவிட்டார்கள், என் பேத்தி மட்டும் தோற்கலாமா? பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன். "ஒங்க அம்மைய நெனச்சுக்கோ."

முகம் மாறியது. அப்புறம் அழுதாள். மூச்சு ஒன்று நீளமாக உள்ளே போய், மூன்றாக உடைந்து வெளியே வரும். முடிவில் 'ம்மா' என்று ஒரு சத்தம். செண்பகம் போன அன்றைக்கு இதே மாதிரிதான் அழுதாள். போதும் நிறுத்து என்று இசக்கிக்குக் கையைக் காட்டினேன். அவன் ஒரு விரலைத் தூக்கினான். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

"இதுதான் ஆச்சி. மத்ததெல்லாம் நடிப்பு" என்றான் பிறகு.

கனி குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து, "அத அழிச்சிருங்க அத்தான்" என்றாள். அவன் சரி என்றான்.

என் வீட்டுக்காரர் இழவு வீட்டுக்கும் மைக் செட் கட்டுவார். பாட்டுப் போடுவதோடு சரி. ஒரு தடவை பெரிய வீட்டுக்காரர்கள், அழுகிற பெண்கள் முன்னால் மைக்கைப் பிடி, ஊரெல்லாம் கேட்கட்டும் என்றார்கள். வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேசிய கூலியையும் வாங்கவில்லை. அவர் அந்தக் காலத்து மனுஷர்.

ஜனவரி 19, திங்கள்

கனி கிளம்பினாள். எனக்குக் கண் மங்குகிறது என்று கவலை. அடுத்த தடவை புதுக் கண்ணாடி வாங்கி வருகிறேன் என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

இசக்கிக்குக் கம்பெனியில் கேடயம்! கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். பால்காரரிடம் காட்டினேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் காட்டினேன்.

நம் தெருவில் எடுத்த குரல்களை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிவிட்டதாம். சீனியிடம் சொன்னேன். "நான் திருச்செந்தூரே இன்னும் ஒழுங்காப் பாக்கல, என் குரலு கடல் தாண்டிட்டா?" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

கூழ்வற்றல் போட்டேன். பகல் பூராவும் காக்காய்க்குக் காவல்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சீனி காலையில் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

நேற்று அவளுக்கு ஒரு போன். வேல்மதியின் குரல். அழுகை. அம்மா, நான்தான் பேசுறேன், போலீசில் பிடித்துவிட்டார்கள், யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று. அவர்கள் சொன்ன நம்பருக்குப் பலசரக்குக் கடைக்காரர் மூலமாகச் சீட்டுப் பணம் முழுவதையும் அனுப்பிவிட்டாள். வேல்மதியின் கல்யாணத்துக்கு வைத்திருந்தது. பிறகு வேல்மதிக்கே போன் போட்டால், அவள் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எம்மக என்னைய வாங்க போங்கன்னு சொல்ல மாட்டாளே, கெழவின்னுல்லா கூப்புடுவான்னு ஒரு நிமிசம் தோணுச்சு மதினி. ஆனா அழுகை அவ அழுகை. ஒங்க கொட்டாய்ல அன்னைக்கு அழுதால்லா? அதே அழுகை."

"அழுகை எல்லாருக்கும் ஒண்ணு போலத்தாம்ளா இருக்கும்" என்றேன்.

காப்பி கொடுத்தேன். ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 22, புதன்

இசக்கிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நான் குரலு மட்டுந்தான் சேத்தேன் ஆச்சி. வித்தது வேற பிரிவு. வாங்குனவன் அத யாருக்குக் குடுத்தான்னு எங்களுக்குத் தெரியாது."

தெரிந்துகொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். இல்லை, மனதுக்குள் நினைத்தேனா? சரியாக ஞாபகம் இல்லை.

"இப்ப இத வெளிய சொன்னா என் வேலை போயிரும். நீங்க தெருவுல ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க. தெரியாத நம்பர்ல அழுகை கேட்டா, யார் குரலா இருந்தாலும், ஒடனே கட் பண்ணிரணும்."

ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், மகளிர் குழுவில் சொன்னேன். அழுகை கேட்டால் போனை வைத்துவிடு. இசக்கிராஜ் சொன்னது என்றதும் எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். குரல் எங்கிருந்து போயிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. 'சீனியம்மாள்' என்று வெட்டியிருந்த பக்கம் என் கதவைப் பார்த்தபடி.

மே 12, செவ்வாய்

இந்த முப்பிடாதி ஆச்சியை ஏமாற்ற முடியுமா? இன்றைக்கு எனக்கே வந்தது. கனியின் குரல். "பாட்டி, நான் கனி பேசுறேன், ஒரு பிரச்சினைல மாட்டிக்கிட்டேன்" என்று விம்முகிறது. என் பேத்தி பிறந்ததிலிருந்து என்னைப் பாட்டி என்று சொன்னது இல்லை. "பாட்டியா? போடா, ஒன் பாட்டி வேற எங்கயாவது இருப்பா, போய்த் தேடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். உடனே உண்மையான கனிக்குப் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "அன்னைக்கு அழுதத அத்தான் அழிச்சாகளா ஆச்சி?" அழித்திருப்பான் என்றேன்.

இசக்கியிடமும் சொன்னேன். "ஆச்சின்னு கூப்புடணும்னு அந்த மெஷினுக்குத் தெரியல பாரு" என்றேன். "நல்ல பாயிண்ட். குறிச்சுக்கிடுதேன்" என்றான். இந்தத் திருட்டைத் தடுக்க அவன் கம்பெனியிலேயே ஏதோ செய்கிறார்களாம். என் யோசனை அங்கே வரை போகிறது.

வேண்டாத நம்பரை அடைத்துவைப்பது எப்படி என்று புஷ்பா சொல்லிக்கொடுத்தாள்.

ஜூன் 25, வியாழன்

மறுபடி அந்தக் கும்பல். விளக்கேற்றித் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் ஒரே மழைச் சத்தம், நடுவில் கனியின் குரல், அழுகை. "ஆச்சி... ஆச்சி, கனி பேசுதேன்... இருட்டாக் கெடக்கு..."

கற்றுக்கொண்டுவிட்டார்கள்! பாட்டியை ஆச்சி ஆக்கிவிட்டார்கள், பேசுறேன் என்றதைப் பேசுதேன் ஆக்கிவிட்டார்கள். மழை வேறு சேர்த்திருக்கிறார்கள். வைத்துவிட்டேன். மறுபடியும் வந்தது, வைத்தேன். மூன்றாவது தடவை, "வச்சிராத ஆச்சி, காலு..." என்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் இந்த அழுகை எதற்கு? வைத்துவிட்டு, புஷ்பா சொன்னபடி நம்பரை அடைத்தேன்.

அப்புறம் வரவில்லை. நாளைக்கு மாவு அரைக்க வேண்டும்.

ஜூன் 26, வெள்ளி

டிவியில் காட்டினார்கள். கர்நாடகாவில் எங்கோ மலைப்பாதையில் ஒரு பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்ததாம். நேற்றுப் பொழுது சாய்கிறபோது விழுந்திருக்கிறது. மழையில் விடிகிற வரை யார் கண்ணிலும் படவில்லை. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் சிலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஒரு அதிகாரி சொன்னார். பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ.

கனிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருக்கிறாள். டியூட்டியில் இருப்பாள்.

ஜூன் 29, திங்கள்

கனி போன் இன்னும் அணைந்தே இருக்கிறது. சிவஞானம் எடுக்கவில்லை, மருமகள் கோமதி எடுக்கவில்லை. குடும்பக் குழுவில் யாரும் காலை வணக்கம்கூடப் போடவில்லை. புதுப் போட்டோ போடுங்கள் மக்களே என்று பேசி அனுப்பினேன். எல்லோரும் கேட்டுவிட்டதாக நீலக்குறி விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

ஜூலை 3, வெள்ளி

மதுரையிலிருந்து சிவஞானமும் கோமதியும் வந்தார்கள். சிவஞானத்தின் தலை மொட்டை. மீசையும் இல்லை. திருச்செந்தூரில் ஒரு வேண்டுதல் என்றான். வேண்டுதல் எதுவும் என்னிடம் சொல்லாமல் செய்கிற பிள்ளை இல்லை அவன். கோமதிக்குக் கண் வீங்கி இருக்கிறது. சளி என்றாள்.

கனிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டதாம்! திடீரென்று டிக்கெட் வந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் இல்லாமல் ஏறிப் போய்விட்டாளாம். எனக்கு ஒரு கண்ணாடி கொடுத்துவிட்டிருக்கிறாள். நல்ல கண்ணாடி, எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கூடுதான் நசுங்கி, ஓரமெல்லாம் செம்மண். துடைத்து வைத்தேன்.

சாப்பிடும்போது சிவஞானம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "போன வாரம் வியாழக்கெழமை ஒனக்கு ஏதும் போன் வந்துச்சாம்மா?"

"அந்தத் திருட்டுப் பயலுவதான். மூணு வாட்டி வந்துச்சு. கட் பண்ணிட்டேன்."

பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போனான். கை கழுவக் குழாயைத் திறந்தவன் திறந்தபடியே வெகு நேரம் நின்றான். தண்ணீர் வீணாகிறது என்று நான்தான் போய் மூடினேன்.

என் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் அதிர்ச்சி கூடாது என்று சொன்னதிலிருந்து, கெட்ட சேதி எதையும் இவர்கள் என்னிடம் முழுசாகச் சொல்வது இல்லை. நல்ல சேதியை முழுசாகச் சொல்கிறார்கள். ஜெர்மனி நல்ல சேதி.

ஜூலை 6, திங்கள்

கனி பேசினாள்! விளக்கு வைக்கிற நேரம். சிவஞானம்தான் போனை என் காதில் வைத்தான்.

"நல்லா இருக்கேன் ஆச்சி. நீ சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?"

அவள் குரல்தான். இனி இதே நேரத்துக்குத் தினமும் பேசுவாளாம். புதுப் போட்டோ ஒன்று போடு மக்கா என்றேன். "இங்க கேமரா சரியில்ல ஆச்சி. அப்புறம் போடுறேன்" என்றாள்.

போடுதேன் என்றுதான் சொல்வாள். வெளிநாடு போனதும் நாக்கு திருந்திவிட்டது போலிருக்கிறது.

தெருவில் எல்லோரிடமும் ஜெர்மனி என்று சொன்னேன். யாரும் எந்த மெடல் என்று கேட்கவில்லை, சம்பளம் என்ன என்று கேட்கவில்லை. சீனி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏப்ரலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னைத் தொடுகிறாள்.

ஜூலை 19, ஞாயிறு

இசக்கி இரண்டு வாரமாக இங்கேதான் இருக்கிறான். கண்ணாடிக் கதவு போட்ட அறையை விட்டுவிட்டானாம். தாடி. சாப்பாடு இறங்கவில்லை. பகல் பூராவும் பின்கொட்டாயில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறான். சுவரில் கனி கீறின நம்பருக்கு எதிரே.

மதியம் சொதி வைத்துக் கூப்பிட்டேன். தட்டைத் தொடாமல் சொன்னான்.

"நான் கேட்டிருக்கணும் ஆச்சி. யாருக்கு விக்கிறீங்க, எதுக்கு விக்கிறீங்கன்னு. அந்த வரியப் படிக்கையிலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சீனி அத்தைக்கே தெரிஞ்சுது."

"சோறு ஆறுது, சாப்பிடு."

"அவ அழிக்கச் சொன்னா. நான் அழிக்கல. அதுதான் இருக்கதுலயே நல்லா வந்திருந்துச்சு."

"இஞ்சித் துவையல் வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

விளக்கேற்றினேன். அவன் கொட்டாய்க்குள் போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் கனியின் போன் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது மாரியம்மன் கோயில் மணி அடித்தது. ஜன்னல் வழியாக ஒரு காதில் கேட்டது. போன் வழியாக இன்னொரு காதிலும் கேட்டது.

ஜெர்மனியிலும் மாரியம்மன் கோயில் கட்டியிருப்பார்கள். நம் ஆட்கள் எங்கே போனாலும் கட்டிவிடுவார்கள்.

கனி வைத்த பிறகு கொட்டாய்க் கதவு திறந்தது.

ஜூலை 20, திங்கள்

இந்த டைரியில் மை ஊறுகிறது. மட்டமான தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

ஆடி அமாவாசை. எல்லோரும் வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு இலை, செண்பகத்துக்கு ஒரு இலை. வருஷா வருஷம் இரண்டு இலைதான். கோமதி மூன்று இலை போட்டாள். மூன்றாவது இலையில் பச்சை நிலக்கடலை அவித்து வைத்திருந்தாள். கனிக்கு உயிர். நான் வருவதைப் பார்த்ததும் அந்த இலையைச் சுருட்டி எடுக்கப் போனாள். கடலை தரையெல்லாம் கொட்டியது.

"இருக்கட்டும். போட்ட எலைய எடுக்கக் கூடாது" என்றேன்.

புஷ்பா எழுந்து உள்ளே ஓடினாள். நான் உட்கார்ந்து கடலையைப் பொறுக்கி இலையிலேயே வைத்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தேன், ஒன்றுகூட விடவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

சாயங்காலம் சீனியின் வீட்டுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். அரிசி நிறைத்துக் கொண்டுபோனேன், வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது.

"ஏளா, வேல்மதி குரலு போனது எங்க கொட்டாய்ல இருந்துதான். நம்பரு எல்லாத்தையும் சொன்னதும் நான்தான்."

"இது தெரியாமலா மதினி தூக்கத் திருப்பி வச்சேன்?"

"நாளைக்கு இசக்கி போலீசுக்குப் போறான். வித்தவன் பேரு, வாங்குனவன் பேரு எல்லாம் எழுதி வச்சிருக்கான். என்னையும் சாட்சிக்கு வரச் சொல்லுதான்."

"நானும் வாரேன்" என்றாள். "ஒங்கள ஒத்தையில விட்டா அங்கயும் போய்ப் பேரன் கேடயம் வாங்குன போட்டோவக் காட்டிக்கிட்டு நிப்பீக."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மதினி, கனி..." என்று ஆரம்பித்தாள். விளக்கு வைக்க நேரமாச்சு என்று வந்துவிட்டேன்.

போன் வந்தது. நல்லா இருக்கேன் ஆச்சி, சாப்பிட்டியா என்றாள்.

இன்றைக்கு நான் கேட்டேன். "கனி, ஆனி மாசம் ஒரு நாள், மழையில, நீ எனக்கு போன் பண்ணுனியா?"

கொட்டாய்ப் பக்கம் நாற்காலி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"மூணு வாட்டி பண்ணுனியாம்மா?"

அப்போது போனில் அழுகை வந்தது. மூச்சு ஒன்று நீளமாக உள்ளே போய், மூன்றாக உடைந்து வெளியே வந்தது. முடிவில், 'ம்மா'. ஜனவரியில் நான் காதில் சொல்லி வரவழைத்த அதே அழுகை. இழை மாறவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கொட்டாயில் இசக்கி கத்துவதும், எதையோ தட்டுவதும் கேட்டது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை நான் போனை வைக்கவில்லை. தானாக நிற்கிற வரை காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கனி, உனக்கு இதை எழுதுகிறேன். பேச்சு போதும் மக்கா. நீ நல்லா இருக்கேன் என்று சொன்னது எல்லாம் போதும். அங்கே கேமரா சரியில்லை என்றால் கடையில் போய் எடு. சீவி முடித்து, பூ கிடைத்தால் வைத்துக்கொள். பின்பக்கம் உன் கையால் என் போன் நம்பரை எழுது, சுவரில் கீறினாயே, அதே மாதிரி கோணல் எழுத்தில். போனில் அனுப்பாதே, போனில் வருகிறது எதையும் நான் இனிப் பார்க்கப் போவது இல்லை. நாளையிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு.